முட்டிக்கு ஒரு பொட்டு

விசிறியை நிறுத்தியாயிற்று. இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இந்தத் தகரக் கூரை ஜிம்னாஸ்டிக்ஸ் ஹாலில் விசிறி நின்றால் அடுத்த நிமிஷமே முதுகில் வியர்வை ஊற ஆரம்பித்துவிடும், கோச் மேமுக்கும் அது தெரியும், தெரிந்துதான் நிறுத்தச் சொல்லிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். கோபம் ஒன்றும் இல்லை. சத்தத்தைக் கேட்கப் போகிறார்கள். நாங்கள் ஒவ்வொருவராக அந்த மரப்பெட்டி மேல் ஏறி, கீழே மெல்லிய ரப்பர் விரிப்பில் ஒற்றைக் காலால் இறங்கி, அப்படியே ஆடாமல் நிற்க வேண்டும், மேம் திரும்பிப் பார்க்காமல் காதாலேயே மார்க் போடுவார்கள். தொம் என்று சத்தம் கேட்டால் அடுத்த மாதம் வா. கேட்காவிட்டால் வால்ட் மேஜை. ஓடி வந்து, பலகையை மிதித்து எழும்பி, கையை ஊன்றி, காற்றில் சுழன்று அந்தப் பக்கம் போய் இறங்குகிற மேஜை, தசரா லீவிலிருந்து மூலையில் போர்வை போட்டு மூடிக் கிடக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை அரிக்கிறது. வால்ட் கிடைத்தால் மே மாதம் மாநிலப் போட்டி. கிடைக்காவிட்டால் என்ன என்பதை அம்மா இன்று காலையில் நான் செருப்பு மாட்டும்போதே சொல்லிவிட்டாள். "ஏட்டி ரெனிஷா, அந்த மேம் இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிட்டாகன்னா இதோட முடிச்சுக்கிடணும் பாத்துக்க. ஜூன்ல பத்தாங்கிளாஸ். டியூஷனுக்குச் சொல்லி வச்சிருக்கேன்." நானும் சரிம்மா என்றேன். செருப்பு வார் மாட்டாமல் இருந்தது, பஸ் வந்துவிடுமே என்று இருந்தது, ஏதோ பால் வாங்கிவரச் சொன்னதற்குச் சொல்வதுபோல் சரி என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். இப்போது வரிசையில் நிற்கும்போதுதான் எவ்வளவு பெரிய விஷயத்துக்குச் சரி சொல்லியிருக்கிறேன் என்று உறைக்கிறது. ஆனால் பயமாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை, பயத்தை விடப் பெரிதாக வேறு ஏதோ இருக்கிறது, தொடை இரண்டும் தானாகத் துடிக்கிறது, எனக்கு முன்னால் நிற்கிற சுபிக்‌ஷாவைத் தள்ளிவிட்டு நானே போய் ஏறிவிடலாமா என்று இருக்கிறது.

மேம் முதுகைக் காட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை மேம் வாயைத் திறந்து சொல்லவே இல்லை, நாங்களாகக் கண்டுபிடித்தோம். பார்க்க ஓர் ஆள் இருந்தால் எங்கள் கால் கெட்டுப்போய்விடும். ஆறு வயதிலிருந்து பழக்கம் அப்படி. இறங்கின உடனே முட்டி இரண்டும் ஒட்டணும், கால் விறைக்கணும், நெஞ்சு நிமிரணும், கை இரண்டும் மேலே போகணும், ஜட்ஜைப் பார்த்துச் சிரிக்கணும். பழைய மாஸ்டர் எட்வின் சார் அதற்குக் கைக்குட்டை வைப்பார். முட்டிக்கு நடுவில் மடித்த கைக்குட்டை, குதித்து இறங்கி அது விழாமல் நின்றால் மிட்டாய், விழுந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். எனக்கும் என் கூட்டாளி இசக்கிக்கும் விழுந்ததே இல்லை. கைக்குட்டையோடு நாங்கள் இரண்டு பேரும் பெட்டியிலிருந்து இறங்கி, கையைத் தூக்கி, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம் இன்னும் எங்கள் வீட்டு டிவிக்கு மேல் மாட்டியிருக்கிறது, வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா காட்டுவாள். அட எவ்வளவு அழகு என்பார்கள். அழகுதான். நானே அந்தப் படத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், சேலத்திலிருந்து இந்த மேம் வந்து, முதல் நாள் எல்லாரையும் குதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்து, "ரொம்ப அழகா எறங்கற கண்ணு. இப்படியே எறங்குனா இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும் உன் முட்டி" என்று சொல்லும்வரை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம். வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடவில்லை. கண்ணு கண்ணு என்று மேம் பேசுவதைப் போலவே பேசிக்காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தேன், இசக்கி மட்டும் இருந்திருந்தால் இன்னும் நன்றாகப் பேசிக்காட்டியிருப்பாள், அவள் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

சுபிக்‌ஷா விரலில் சொடக்கு எடுக்கிறாள். எடுக்காதே என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது, பேசக் கூடாது. அவளுக்கு என்ன தெரியும், பன்னிரண்டு வயது, அன்றைக்கு அவள் வரவில்லை. சொடக்குச் சத்தம்தான். அவ்வளவு சின்னதுதான். தசரா லீவில் ஒரு சாயங்காலம், இசக்கி ஓடி வந்து, பலகையை மிதித்து, மேஜையைத் தாண்டி, இப்படிச் சுழன்று, நான் கைதட்டத் தயாராக நின்றேன், ஏனென்றால் அப்படி ஒரு சுழல் அவளுக்கு அதுவரை வந்ததில்லை, கால் தரையில் பட்டதும் டக் என்று கேட்டது. யாரோ சொடக்கு எடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இசக்கி நின்றாள். முட்டி ஒட்டி, நெஞ்சு நிமிர்ந்து, கை மேலே, சிரித்த முகம். ஜட்ஜ் யாரும் இல்லை, எட்வின் சார் போனில் பேசிக்கொண்டிருந்தார், ஆனாலும் சிரித்தாள். பிறகுதான் விழுந்தாள். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்குவதற்குள் அவள் கீழே கிடந்தாள், அதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, சத்தம் கூட அல்ல, அந்தச் சிரிப்பு. முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் என்றார்கள். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தக் குரங்கு வித்தை என்று அவளுடைய சித்தி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சத்தம் போட்டாள். எட்வின் சார் அதற்கப்புறம் வரவில்லை. சொடக்கு எடுக்காதே சுபி. கையைக் கீழே போடு. அம்மா கூட இப்போது வீட்டில் சொடக்கு எடுப்பதில்லை, நான் ஒருநாள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனதிலிருந்து.

ஆனால் நான் குதிக்கப் போகிறேன், அதைத்தான் நினைக்க வேண்டும், குதிக்கப் போகிறேன். எத்தனை மாதமாகக் குதிக்கிறேன். தரையில் கலர் டேப் ஒட்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் குதி, தொடையைச் சுற்றி ரப்பர் பட்டையை மாட்டி முட்டியை வெளியே தள்ளிக்கொண்டே குதி, சின்னப் பெட்டியில் ஏறு, இறங்கு, பெரிய பெட்டியில் ஏறு, இறங்கு, இடுப்பை மடக்கு, முட்டியை மடக்கு, முன்பாதம் முதலில், குதிகால் அப்புறம், சத்தம் வரக் கூடாது. பல்டி கத்துக்க அனுப்பினா இந்தம்மா தவளை மாதிரி தத்த விடுதாகளே என்று வெளியே காத்திருக்கிற அம்மாக்களெல்லாம் சிரித்தார்கள். மேம் அவர்களை உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார்கள்: "பிள்ளைங்களுக்கு இந்த வயசுல இடுப்பு அகலுது, கால் நீளுது. தொடைக்குப் பின்னாடி இருக்கிற சதைக்கு அந்த பலம் இன்னும் வரலைங்க. எறங்கும்போது முட்டி உள்ளார சாயுது, அதைத் தாங்கறது அந்த ஜவ்வு. அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? மேல போறதுக்கு எல்லாரும் சொல்லித் தருவாங்க. நான் எறங்கறதுக்குச் சொல்லித் தரேன்." எனக்குச் சிரிப்பாக வந்தது, ஏனென்றால் போன வருஷம் நான் வயசுக்கு வந்தபோது இதே அம்மா இதே காரணத்தைச் சொல்லித்தான் இனிமே கண்ட இடத்துல குதிக்காதட்டி என்றாள், மேம் அதே காரணத்தைச் சொல்லி இப்பத்தான் குதிக்கணும் என்கிறார்கள். வளர்ந்தது என் கால்தானே, என்னை ஒருவரும் கேட்கவில்லை, அதுவும் என்னைக் கேட்காமல்தான் வளர்ந்தது. அதிலும் இடது கால். இடது முட்டிதான் உள்ளே போகும். முட்டி முத்தம் கொடுக்குது பார் என்பார்கள் மேம், கண்ணாடி முன்னால் நிறுத்தி முட்டிச் சில்லின் மேல் மார்க்கர் பேனாவால் கறுப்பாக ஒரு பொட்டு வைப்பார்கள், இறங்கும்போது பொட்டு இரண்டாவது விரலுக்கு நேராக நிற்க வேண்டும், பெருவிரலைத் தாண்டி உள்ளே வந்தால் தப்பு. முதல் நாள் பொட்டோடு வீட்டுக்குப் போனபோது அம்மா என் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னட்டி இது, முட்டிக்குத் திருஷ்டிப் பொட்டா?" என்றாள். வைத்தால் வைத்துக்கொள்ளட்டும், திருஷ்டி பட்ட முட்டிதானே. நான் விடவில்லை. வீட்டிலும் குதித்தேன். மாடி வீடு எங்களுக்கு, கீழே ஹவுஸ் ஓனர் சங்கரலிங்கம் மாமா, ஆரம்பத்தில் தினமும் படியேறி வந்துவிடுவார், "மேல என்ன தாயி, உலக்கையா போடுதிய? டிவி சத்தமே கேக்கல." அம்மா மன்னிப்புக் கேட்பாள், என்னை முறைப்பாள், நான் மறுநாளும் குதிப்பேன், அவர் மறுநாளும் வருவார். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். நேற்று வரவில்லை. நேற்று ஒற்றைக் காலால், அதுவும் இடது காலால், ஸ்டூலில் இருந்து எத்தனை தடவை இறங்கினேன், படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், செருப்புச் சத்தமே இல்லை. என் சத்தம்தான் அடங்கிவிட்டதா, இல்லை மாமா வீட்டில் இல்லையா? அம்மாவிடம் கேட்டால், "எனக்கு என்னட்டி தெரியும், தென்காசியில ஏதோ கல்யாணம்னு சொல்லிக்கிட்டு இருந்தாக, போனாகளோ என்னவோ" என்கிறாள். கீழே போய்க் கதவைத் தட்டிப் பார்த்திருக்கலாம். தட்டி என்ன சொல்வது, மாமா நான் குதிச்சது கேட்டுச்சா என்றா? கேட்காமல் வந்துவிட்டேன், அதுதான் இப்போது பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் துண்டுபோல் நிற்கிறது.

சுபிக்‌ஷா ஏறிவிட்டாள். பெட்டி மேல் நின்றதும் கை இரண்டும் மேலே போகிறது, பழக்கம், யாருக்கடி காட்டுகிறாய், மேம் முதுகுக்கா. ஒற்றைக் காலை முன்னால் நீட்டினாள், இறங்கினாள், தொம். ஹாலே கேட்டது. மேம் திரும்பவில்லை. "தேங்காய் ஒடைச்சாச்சா கண்ணு? நல்லது. அடுத்த மாசம் பாப்போம்." யாரோ சிரித்தார்கள், சுபிக்‌ஷாவும் சிரித்துவிட்டாள், அவளுக்கு என்ன, அடுத்த மாசம் இருக்கிறது, அதற்கு அடுத்த மாசம் இருக்கிறது, அவளுடைய அம்மா டியூஷனுக்குச் சொல்லி வைக்கவில்லை. எனக்கு இந்த ஒரு தடவைதான். போகிறேன். கால் குளிர்ந்திருக்கிறது, இவ்வளவு வியர்வையிலும் பாதம் மட்டும் குளிர்கிறது. பெட்டிக்கு எதிரே பெஞ்சில் இசக்கி இருக்கிறாள். முட்டிக்குப் பெல்ட் மாட்டி, அந்தக் காலை நீட்டி வைத்துக்கொண்டு. இன்றுதான் முதல் தடவையாக ஹாலுக்கு வந்திருக்கிறாள், மேம்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள், வந்தவளிடம், "சத்தத்தை நான் கேட்டுக்கிறேன், முட்டியை நீ பார்த்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டார்கள். ஒருத்திக்கு எப்படி இருக்கும். மாநிலப் போட்டியில் அந்த வால்ட் அவளுடைய வால்ட், இது பாளையங்கோட்டையில் ஹாலுக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும், அவள் விழாமல் இருந்திருந்தால் நான் இங்கே நின்று கைதட்டிக்கொண்டிருப்பேன். காலையில் எனக்குப் பொட்டு வைத்ததும் அவள்தான். நான் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்தேன், அவள் முட்டிச் சில்லை விரலால் தடவி நடு இடம் பார்த்து மார்க்கரை வைத்தாள், எனக்குக் கூச்சத்தில் கால் ஆடியது, "ஆடாத" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. என் முகத்தைப் பார்க்கவில்லை. பொட்டை மட்டும் பெரிதாக, வட்டமாக, இருக்கிறவர்களிலேயே பெரிதாக எனக்குத்தான் வைத்தாள். ஏன்? தப்பு நன்றாகத் தெரியட்டும் என்றா? முட்டி உள்ளே போகாவிட்டாலும் போச்சு என்று சொல்லிவிட்டால் யார் போய்ப் பார்த்தார்கள், மேம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்கள். சே, இசக்கி அப்படிச் சொல்கிறவளா. எத்தனை மிட்டாயைக் கடித்துப் பாதி கொடுத்திருக்கிறாள். சரி, அப்படியானால் இன்னொன்று, முட்டி உள்ளே போயிருந்தும், பாவம் இவளாவது போகட்டும் என்று நேராத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டால்? அதுதான் மோசம். அப்புறம் நான் சந்தோஷமாக ஓடிவந்து, மேஜையைத் தாண்டி, டக். இரண்டில் எதற்குப் பயப்படுவது என்றுகூடத் தெரியவில்லை, ஒன்றை விரட்டினால் மற்றது வந்து உட்காருகிறது.

ஏறிவிட்டேன். மேலே காற்று இன்னும் சூடு. தகரம் கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் இருக்கிறது. என் கையும் மேலே போகப் பார்க்கிறது, சுபிக்‌ஷாவைக் கேலி செய்தேனே, இதோ எனக்கும் தோள் வரை வந்துவிட்டது, கீழே, கீழே போ. மேமின் பின்னல், முதுகு, பின்கழுத்தில் வியர்வை, பார்க்க ஆளில்லை, யாருக்கும் காட்ட வேண்டாம். ஆனால் இசக்கி இருக்கிறாள். பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே பார்த்துவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் முகம் எங்கே இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாததுபோல் இடது முட்டியையே பார்க்கிறாள், கண்ணைச் சிமிட்டாமல், அவளுடைய இரண்டு கையும் அவளுடைய முட்டியின் பெல்ட்டைப் பிடித்திருக்கிறது, பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது. அட. அவளுக்குப் பயமாக இருக்கிறது. என் முட்டிக்காக அவளுக்குப் பயமாக இருக்கிறது. இதுக்கா இவ்வளவு நேரம் நான் மண்டையை உடைத்துக்கொண்டேன், பெரிய பொட்டு வைத்தது அவளுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்றுதான், ஒரு நூல் உள்ளே போனாலும் சொல்வதற்குத்தான், பொய் சொல்ல மாட்டாள், இந்தப் பக்கமும் சொல்ல மாட்டாள், அந்தப் பக்கமும் சொல்ல மாட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம், இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் எப்படி நிற்பது. இடது காலை நீட்டுகிறேன். பெட்டியின் ஓரம் பாதத்தை விட்டுப் போகிறது. எனக்குப் பிடித்த இடம் இதுதான், கீழே எதுவும் இல்லாத இந்த இடம், ஒரு மூச்சு கூட இல்லை, ஆனாலும் இங்கே எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது, வால்ட்டில் இது இன்னும் நீளமாக இருக்கும், மேலே போய்ச் சுழலும்போது தகரமும் தரையும் இடம் மாறும், அம்மாவுக்கு ஒரு தடவை இதைக் காட்ட முடிந்தால் டியூஷனை அவளே நிறுத்திவிடுவாள். முன்பாதம். விரிப்பின் சொரசொரப்பு. குதிகால். இடுப்பு மடங்குகிறது, முட்டி மடங்குகிறது, உள்ளே சாயப் பார்க்கிறது, பழைய கைக்குட்டை அங்கேயே எங்கோ இருக்கிறதுபோல அதைப் பிடித்துக்கொள்ள ஓடுகிறது, விடு, விழட்டும் அது, வெளியே தள்ளு, பின்தொடை பிடித்துக்கொண்டது, இடுப்பு பிடித்துக்கொண்டது, பொட்டைப் பார்க்கிறேன், பொட்டுக்குக் கீழே இரண்டாவது விரல். நிற்கிறேன். அழகாக இல்லை, நன்றாகத் தெரிகிறது, கக்கூஸில் குந்தப் போகிறவள் மாதிரி பாதியில் நிற்கிறேன், கை இரண்டும் கீழே, முகத்தில் சிரிப்பு இல்லை, இதை யாரும் படம் எடுத்து டிவிக்கு மேல் மாட்ட மாட்டார்கள். நிற்கிறேன். இன்னும் நிற்கிறேன்.

தொம் என்று எனக்குக் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதயம் அடிப்பதுதான் கேட்கிறது, அதற்குள் எந்தச் சத்தம் தனியாகக் கேட்கும். தேங்காய் என்று சொல்லப் போகிறார்களா மேம்? பின்னல் அசைகிறது. மேம் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக் காதைக் கொடுக்கிறார்கள். தகரக் கூரையில் காக்கா நடக்கிறது. என் பின்தொடை எரிகிறது.

"என்ன கண்ணு, எவ்வளவு நேரம் மேலேயே நிப்ப?" என்கிறார்கள் மேம், திரும்பாமலே. "எறங்கு."

இசக்கி முட்டியிலிருந்து கண்ணை எடுக்கிறாள். முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்கிறாள். பெல்ட்டிலிருந்து ஒரு கை விடுபட்டு வாயைப் பொத்துகிறது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, பிறகு கையை எடுத்துவிட்டுச் சொல்கிறாள்.

"அவ எறங்கிட்டா மேம்."

நாற்காலி கிறீச் என்கிறது. "எறங்கிட்டாளா? முட்டி?"

"பொட்டு வெரலுக்கு நேராத்தான் நிக்கு. உள்ள வரல மேம். நான் கண்ணையே எடுக்கல."

கையைத் தூக்கலாம் இப்போது, சிரிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் அசையவில்லை. ஒற்றைக் காலில் அப்படியே நிற்கிறேன். அப்படியென்றால் சங்கரலிங்கம் மாமா எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. நேற்றுச் சாயங்காலம் முழுக்க அவர் வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாக டிவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.